கடவுளைக் கொல்லாமல் ஓர் உலகத்தைப் புதுப்பிக்க முடியுமா?

மேசையைச் சுற்றி நான்கைந்து பேர் உட்கார்ந்து, பகடை உருட்டி, ஆளுக்கொரு பாத்திரமாக மாறி, ஒரு சாகசக் கதையைச் சேர்ந்தே சொல்லிக்கொண்டு போகும் விளையாட்டுகளில் மூத்தது டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ். கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள் 1974இல் அதை வெளியிட்டார்கள். எந்தப் பகடையை எப்போது உருட்ட வேண்டும், மந்திரவாதிக்கு என்ன செய்ய முடியும், வாள் வெட்டு எவ்வளவு ஆழமாக விழும் என்பதையெல்லாம் விதிகள் சொல்கின்றன. அந்தக் கதை எங்கே நடக்கிறது என்பது தனிக் கேள்வி. நாடுகள், நகரங்கள், ஆறுகள், கடவுள்கள், பழைய போர்கள், யாருக்கு யார் பகை என்ற கணக்கு எல்லாம் சேர்ந்ததுதான் அந்த விளையாட்டின் கதையுலகம். அதை ஒரு நிறுவனம் எழுதி விற்கலாம். ஆட்டத்தை நடத்தும் டன்ஜன் மாஸ்டரே தன் நோட்டுப் புத்தகத்தில் உருவாக்கிக்கொள்ளவும் செய்யலாம்.

நாவலில் வரும் உலகம் கடைசிப் பக்கத்தோடு நின்றுவிடும். விளையாட்டு உலகத்துக்குக் கடைசிப் பக்கம் கிடையாது. முப்பது, நாற்பது ஆண்டுகள் அது ஓடிக்கொண்டே இருக்கும். அதற்குள் விதிகள் நான்கைந்து முறை மாறிவிடும். நூற்றுக்கணக்கான புத்தகங்கள் குவிந்துவிடும். புதிதாக வருகிறவர் அந்தக் குவியலைப் பார்த்து, இவ்வளவையும் படித்துவிட்டுத்தான் விளையாட வேண்டுமா என்று மலைத்து நிற்பார். ஆரம்பத்தில் சாகசத்துக்காகக் காத்திருந்த காடுகளும் பாழடைந்த கோட்டைகளும் ஒவ்வொன்றாக யாரோ ஒரு நாவல் நாயகனால் சுத்தம் செய்யப்பட்டிருக்கும். எந்த ஆபத்து வந்தாலும் சமாளித்துவிடக்கூடிய பெரிய மந்திரவாதிகள் மூலைக்கு ஒருவராக உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் இருக்கும்போது நாம் எதற்கு என்று விளையாடுபவர் கேட்டால் பதில் இருக்காது. இந்த நிலைக்கு வந்த உலகத்தை மறுபடி விளையாடத் தக்கதாக ஆக்கும் வேலையைத்தான் புதுப்பித்தல் என்கிறார்கள்.

கேட்பதற்கு எளிய வேலைதான். ஆனால் இதைப் போல ரசிகர்களைக் கொதிக்க வைத்த வேலை இந்தத் துறையில் வேறு இல்லை. அச்சிட்ட புத்தகத்தில் இருப்பது அந்த உலகத்தின் பாதிதான் என்பதே காரணம். மீதிப் பாதி ஆயிரக்கணக்கான மேசைகளில் உருவாகிறது. புத்தகத்தில் இரண்டு வரி மட்டுமே பெற்ற ஒரு சிற்றூரில் யாரோ ஐந்து நண்பர்கள் மூன்று ஆண்டுகள் விளையாடியிருப்பார்கள். அந்த ஊர்ச் சத்திரக்காரரின் பெயர் அவர்கள் வைத்த பெயர். அவருடைய மகளை மீட்டு வந்தது அவர்கள். அடுத்த பதிப்பில் அந்த ஊர் கடலில் மூழ்கிவிட்டது என்று நிறுவனம் ஒரு வரி எழுதினால், அவர்கள் கையால் கட்டியதன் மேல்தான் அது விழுகிறது.

இதை விளக்க ஃபர்காட்டன் ரெல்ம்ஸ் என்ற உலகத்தைவிடச் சிறந்த உதாரணம் எனக்குத் தெரியவில்லை. புதுப்பித்தலில் செய்யக்கூடிய நல்லது, கெட்டது இரண்டும் அதற்கு நடந்திருக்கின்றன.

ஒரு நூலக ஊழியரின் உலகம்

இந்த உலகத்தை உருவாக்கிய எட் கிரீன்வுட் கனடாக்காரர். ஒண்டாரியோவில் நூலகத்தில் வேலை பார்த்தவர். 1960களில், சிறுவனாக இருந்தபோதே, தன் சொந்தக் கதைகளுக்காக ஓர் உலகத்தை உருவாக்கத் தொடங்கினார். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அப்போது பிறக்கவே இல்லை. பின்னால் விளையாட்டு வந்ததும், நண்பர்களோடு அந்த உலகத்திலேயே ஆடினார். 1979 முதல் டிராகன் என்ற விளையாட்டு இதழில் அதைப் பற்றித் துண்டு துண்டாகக் கட்டுரைகள் எழுதினார். அவற்றைப் படித்த, டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை வெளியிட்டு வந்த டிஎஸ்ஆர் நிறுவனத்துக்கு, இந்தக் கட்டுரைகளுக்குப் பின்னால் ஒரு முழு உலகம் இருக்கிறது என்பது புரிந்தது. நிறுவனத்தின் ஜெஃப் கிரப்பும் கிரீன்வுட்டும் சேர்ந்து தயாரித்த, புத்தகங்களும் வரைபடங்களும் அடங்கிய பெட்டி 1987இல் கடைக்கு வந்தது. அந்த உலகத்தின் முக்கியக் கண்டத்தின் பெயர் ஃபேரூன்.

அந்த முதல் பெட்டியை இன்றும் பலர் கொண்டாடுகிறார்கள். அதில் எதுவும் முடிந்துபோயிருக்கவில்லை. ஓர் ஊரைப் பற்றிச் சில பத்திகள் இருக்கும். எல்மின்ஸ்டர் என்ற கிழ மந்திரவாதி அந்த ஊரைப் பற்றி என்ன நினைக்கிறார் என்று தனியே ஒரு குறிப்பு இருக்கும். யார் யாரிடம் கடன்பட்டிருக்கிறார்கள், எந்தச் சாலையில் வணிகர்கள் காணாமல் போகிறார்கள் என்பது போன்ற வதந்திகள் இருக்கும். வதந்தி உண்மையா பொய்யா என்பதை உங்கள் மேசைதான் முடிவு செய்ய வேண்டும். ஓர் உலகம் விளையாடுபவருக்கு இடம் விட்டு எழுதப்படுவது என்றால் என்னவென்று கேட்பவர்களுக்கு நான் காட்டுவது இந்தப் பெட்டியைத்தான்.

இனிமேல் நம் ஆண்டுகளும் அந்த உலகத்தின் ஆண்டுகளும் மாறி மாறி வரும். குழப்பம் வராமல் இருக்க, கதைக்குள் இருக்கும் ஆண்டுகளை ஃபேரூன் 1358 என்பது போல எழுதுகிறேன்.

விதி மாறியது, கடவுள்கள் விழுந்தார்கள்

1989இல் விளையாட்டின் இரண்டாம் பதிப்பு வந்தது. சில விதிகள் மாறின. உதாரணமாக, கூலிக்குக் கொலை செய்யும் பாத்திர வகை ஒன்று முதல் பதிப்பில் இருந்தது; இரண்டாம் பதிப்பில் அதை எடுத்துவிட்டார்கள். மந்திரங்களும் கொஞ்சம் மாறின. இந்த மாற்றத்துக்குக் கதைக்குள்ளேயே ஒரு காரணம் வேண்டும் என்று நிறுவனம் நினைத்தது. அதனால் ஃபேரூன் 1358இல் ஒரு பெரும் கலகம் மூண்டது. எல்லாக் கடவுள்களுக்கும் மேலான ஆவோ என்ற சக்தி, தலைவிதிப் பலகைகள் திருடு போன கோபத்தில், கிட்டத்தட்ட எல்லாக் கடவுள்களையும் மனித உடலோடு மண்ணில் தள்ளியது. கொடுங்கோன்மைக்கு உரிய பெய்ன், கொலைக்கு உரிய பாஹ்ல், சாவுக்கு உரிய மிர்குல் மூவரும் அந்தக் கலகத்தில் மாண்டார்கள். மந்திரத்தின் தேவி மிஸ்ட்ராவும் மாண்டாள். ஒரு மானிடப் பெண் மிஸ்ட்ரா என்ற பெயரையே ஏற்று அவள் இடத்துக்கு உயர்ந்தாள். கூலிக் கொலையாளிகள்? அவர்கள் அத்தனை பேரின் உயிரையும் பெய்ன் தன் வலிமைக்காக உறிஞ்சிக்கொண்டான். விதிப் புத்தகத்திலிருந்து ஒரு வகை நீக்கப்பட்டதற்கு உலகத்தில் அப்படி ஒரு கணக்குத் தீர்க்கப்பட்டது.

கதையாகப் பார்த்தால் இதில் ஒரு வேகம் இருக்கிறது. கடவுள்கள் தெருவில் நடக்கும் காலம் என்பது விளையாட நல்ல களம்தான். ஆனால் அப்போது பிடித்த ஒரு பழக்கம் பின்னால் பெரும் சேதம் செய்தது. விதிப் புத்தகம் மாறினால் உலகத்திலும் ஏதாவது வெடிக்க வேண்டும் என்பதே அந்தப் பழக்கம். எனக்கு இதில் உடன்பாடு இல்லை. விதி என்பது ஆட்டத்தை நடத்தும் கருவி. கருவியை மாற்றும்போது, இன்றிலிருந்து இப்படி உருட்டுவோம் என்று சொன்னால் மேசையில் இருப்பவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். அதற்காக ஒரு தேவதையைச் சாகடிக்க வேண்டிய அவசியமே இல்லை.

அடுத்த பதிப்பே இதை நிரூபித்தது. 1997இல் டிஎஸ்ஆரை விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம் வாங்கியது. 2000இல் மூன்றாம் பதிப்பு வந்தது. விதிகளில் அது முந்தைய மாற்றத்தைவிடப் பல மடங்கு பெரிய மாற்றம். பகடை உருட்டும் கணக்கே அடியோடு மாறியது. ஆனால் 2001இல் அந்த விதிகளுக்கேற்ப வந்த ஃபேரூன் புத்தகத்தில் கடவுள்கள் செத்து விழவில்லை, கண்டங்கள் பிளக்கவில்லை. காலம் ஃபேரூன் 1372 வரை மெல்ல நகர்ந்திருந்தது, அவ்வளவுதான்.

அதே புத்தகம் புதிதாக ஒன்றைச் சேர்க்கவும் செய்தது. பல நூற்றாண்டுகளுக்கு முன் நெதரில் என்ற பேரரசு தன் நகரங்களை வானில் மிதக்கவிட்டு ஆண்டு, பிறகு அழிந்துபோனது என்று பழைய புத்தகங்களில் இருந்தது. அந்த அழிவுக்குமுன் நிழல் உலகத்துக்குள் தப்பிப்போன ஷேட் என்ற நகரம் இப்போது திரும்பி வந்து, அனௌராக் பாலைவனத்தின் மேல் மிதந்துகொண்டு நிற்கிறது. பழைய வாசகருக்கு, தான் அறிந்த வரலாறு உயிர்பெற்று வந்தது போன்ற மகிழ்ச்சி. புதியவருக்கு வரலாறே தெரிய வேண்டாம்: பாலைவனத்தின் மேல் ஒரு நகரம் மிதக்கிறது, அதில் இருப்பவர்கள் நல்லவர்களாகத் தெரியவில்லை, இது போதும் ஆட்டம் தொடங்க. யாருடைய ஊரும் அழியவில்லை. எல்லோருக்கும் ஒரு புதிய தலைவலி மட்டும் வந்து சேர்ந்தது. புதுப்பித்தல் என்ற கலையின் இலக்கணம் எனக்கு இதுதான்: உலகம் தன் பழைய வரலாற்றில் முடிக்காமல் விட்ட ஒன்றை எடுத்து, இன்றைய பிரச்சினையாக நிறுத்துவது.

நூறு ஆண்டுத் தாவல்

2008இல் நான்காம் பதிப்பு வந்தபோது நடந்தது இதற்கு நேர்மாறு.

முதலில் வடிவமைத்தவர்கள் பக்கம் இருந்த நியாயத்தைச் சொல்லிவிட வேண்டும். ஃபேரூனில் அளவுக்கு மீறிய பெரிய மனிதர்கள் இருந்தார்கள் என்பது உண்மை. மிஸ்ட்ராவின் அருள்பெற்ற மந்திரவாதிகள் மட்டுமே ஒரு படை இருந்தது. இருபது ஆண்டுப் புத்தகங்களும் நாவல்களும் புதியவர்களை மிரட்டின என்பதும் உண்மை. விதிகளோ தலைகீழாக மாறியிருந்தன. அதுவரை மந்திரவாதி காலையில் மந்திரத்தை மனத்தில் ஏற்றிக்கொண்டு, ஒரு முறை சொன்னதும் மறந்துவிடுவார். புதிய விதியில் அந்த முறை கிட்டத்தட்டப் போய்விட்டது. டிராகன் உடலும் மனித நடையும் கொண்ட டிராகன்பார்ன் என்ற இனம் அடிப்படைப் புத்தகத்திலேயே இடம்பெற்றது. அவர்களுக்கு ஃபேரூனில் ஓர் ஊர் வேண்டும்.

இதற்கெல்லாம் அவர்கள் கண்ட தீர்வு: ஃபேரூன் 1385இல் சிரிக் என்ற கடவுள் மிஸ்ட்ராவைக் கொல்கிறான். மந்திரத்தைத் தாங்கி நின்ற வலை அறுகிறது. ஸ்பெல்பிளேக் என்ற நீலத் தீ உலகம் முழுக்கப் பரவுகிறது. மந்திரவாதிகளின் நாடான ஹல்ருவா வெடித்துச் சிதறுகிறது. எகிப்தின் சாயலில் எழுதப்பட்ட முல்ஹொராண்டு மறைந்து, அங்கே வேறு பேரரசு முளைக்கிறது. மேற்குக் கடலுக்கு அப்பாலிருந்த மாஸ்டிகா கண்டமே காணாமல் போய், வேற்றுலகத் துண்டு ஒன்று அங்கே வந்து உட்கார்கிறது. அதன் பிறகு கதை ஃபேரூன் 1479இல் தொடங்குகிறது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் ஒரே தாவல்.

நாடுகள் அழிந்ததைவிட அந்த நூறு ஆண்டுகள்தான் ஆழமாக வெட்டின என்பது என் கருத்து. ஓர் உலகத்தோடு நமக்கு இருக்கும் உறவு பெரும்பாலும் மனிதர்கள் வழியாக வருகிறது. சந்தையில் பேரம் பேசிய வணிகர், வேலை கொடுத்த பிரபு, ஏமாற்றிய திருடன், தப்பித்துப் போன வில்லன் ஆகியோரிடம்தான் நம் பாசமும் பகையும் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. நூறு ஆண்டு என்றால் இவர்களில் மனிதர்கள் அனைவரும் செத்துவிட்டார்கள். எஞ்சுவது நூற்றாண்டுகள் வாழும் இனங்களான எல்ஃப்களும் குள்ளர்களும் மட்டுமே. வாட்டர்டீப் நகரத்தின் மதில்கள் அதே இடத்தில் இருந்தாலும், அதன் தெருவில் உங்களை அடையாளம் கண்டுகொள்ள ஒருவரும் இல்லை. புதியவருக்காகச் செய்த மாற்றம் என்றார்கள். அந்தப் புதியவருக்குமே இது சுமைதான். இப்போது இருக்கும் உலகத்தையும் படிக்க வேண்டும், அது ஏன் இப்படிச் சிதைந்து கிடக்கிறது என்பது புரிய முன்பிருந்த உலகத்தையும் படிக்க வேண்டும்.

மூத்த ரசிகர்கள் பலர் தங்கள் மேசையில் ஃபேரூன் 1372லேயே நின்றுவிட்டார்கள். அது அவர்கள் உரிமை. உங்கள் மேசைக்கு எந்த நிறுவனமும் வந்து புத்தகத்தைப் பிடுங்கப் போவதில்லை.

ஆனால் அதே காலத்தில், அதே சிதைந்த உலகத்துக்குள், ஒரு நல்ல வேலையும் நடந்தது. 2011இல் நெவர்வின்டர் என்ற ஒற்றை நகரத்தைப் பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். நெவர்வின்டர் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் நகரம். அருகிலுள்ள ஹோட்டனோ என்ற எரிமலையின் அடியிலிருக்கும் நெருப்பு அதன் ஆற்றைச் சூடாக வைத்திருப்பதால், பனிக்காலத்திலும் ஆறு உறையாது. அந்த மலையே வெடித்து நகரத்தைச் சிதைத்துவிட்டது. முப்பது ஆண்டுகளுக்குள் மெல்லக் கட்டி எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள். வாட்டர்டீப்பிலிருந்து வந்த நெவரெம்பர் பிரபு, நான் பழைய அரச வம்சம் என்று சொல்லிப் பணத்தைக் கொட்டுகிறார். அவரை ஏற்காத கூட்டம் ஒன்று, நிலத்தடியில் சதி செய்யும் கூட்டம் ஒன்று, எரிமலையை மறுபடி தூண்ட நினைக்கும் கூட்டம் ஒன்று என்று நகரமே கொதிக்கிறது.

இங்கேயும் அழிவு இருக்கிறது. ஆனால் அந்த அழிவின் காரணம் நகரத்தின் உடலிலேயே இருந்தது. ஆற்றைக் காத்த நெருப்பே ஊரை எரித்தது. பழைய நகரத்தைப் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, அடுத்து என்ன ஆகும் என்பது எழுதப்படவில்லை. நெவர்வின்டருக்கு யார் அரசர் என்பதை உங்கள் ஐந்து பேர் தீர்மானிக்கலாம். கண்டம் முழுவதையும் உலுக்கிய 2008இன் புத்தகத்தைவிட, ஒரு நகரத்துக்குள் அடங்கிய இந்த வேலை ஆட்டத்துக்கு அதிகம் கொடுத்தது.

திருப்பி ஒட்டியது

2013, 2014இல் நிறுவனம் பின்வாங்கியது. இன்னொரு பேரிடர் வந்தது. ஆனால் இந்த முறை அது பழையதைத் திருப்பித் தருவதற்கான பேரிடர். ஆறு நாவல்களின் வழியாக, ஒட்டிக்கொண்ட வேற்றுலகத் துண்டுகள் பிரிந்தன, வரைபடம் பழைய வடிவத்துக்குத் திரும்பியது, செத்த கடவுள்கள் எழுந்தார்கள். மிஸ்ட்ராவும் வந்தாள். டிரிஸ்ட் என்ற புகழ்பெற்ற நாயகனின் இறந்த மனைவியும் நண்பர்களும் மறுபிறப்பெடுத்து வந்தார்கள். 2014இல் ஐந்தாம் பதிப்பு இந்த ஒட்டுப்போட்ட உலகத்தில்தான் தொடங்கியது.

ரசிகர்கள் நிம்மதிப் பெருமூச்சு விட்டார்கள், நானும் மகிழ்ந்தேன். ஆனால் இதற்கும் ஒரு விலை இருந்தது. எந்தச் சாவும் நிலைக்காது என்று தெரிந்துவிட்டால் அடுத்த சாவு யாரையும் அசைக்காது. பேரிடரை இன்னொரு பேரிடரால் அழிப்பதைக் கடைசி வழியாகத்தான் வைத்துக்கொள்ள வேண்டும். தவிர, ஐந்தாம் பதிப்பின் புத்தகங்கள் நெடுங்காலம் சுவார்டு கோஸ்ட் என்ற மேற்குக் கரையோரத்தையே சுற்றிச் சுற்றி வந்தன. டேல்லேண்ட்ஸ், காலிம்ஷான், மூன்ஷே தீவுகள் போன்ற பகுதிகளுக்கு விரிவான புதுப்பித்தல் 2025இல்தான் கிடைத்தது.

காலத் தாவலை எப்படிப் பாலம் போட்டுக் கடக்கலாம் என்பதற்கு அழகான உதாரணம் கணினி விளையாட்டிலிருந்து வந்தது. 1998இல் வெளிவந்த பால்டர்ஸ் கேட் ஃபேரூன் 1368இல் நடக்கிறது. 2023இல் வந்த மூன்றாம் பாகம் ஃபேரூன் 1492இல் நடக்கிறது. நடுவில் நூற்றுச் சொச்சம் ஆண்டுகள். ஆனாலும் பழைய பாகத்தின் தோழர்கள் இருவர் மூன்றாம் பாகத்தில் வருகிறார்கள். ஜஹைரா பாதி எல்ஃப் என்பதால் முதுமையோடு உயிருடன் இருக்கிறாள். மின்ஸ்க் மனிதன், அவன் நெடுங்காலம் கற்சிலையாகிக் கிடந்தவன். பழைய ஆட்டக்காரருக்குக் கண்கலங்கக் காரணம் கிடைத்தது. முதல் பாகத்தைத் தொட்டே பார்க்காதவருக்கும் இவர்கள் சுவையான இரண்டு பாத்திரங்கள்தான். 1989இல் கொல்லப்பட்ட அந்த மூன்று கொடிய கடவுள்களும் இங்கே வில்லன்களாகத் திரும்பி வருகிறார்கள். முன்கதை தெரியாமலே கோடை விடுமுறை முழுவதையும் இதில் கழித்தவர்கள் ஏராளம்.

கடிகாரத்தை நிறுத்துவதும் பின்னால் திருப்புவதும்

காலத்தை முன்னால் தள்ளாமலே புதுப்பிக்க முடியும். எபரான் என்ற உலகம் 2002இல் விசார்ட்ஸ் நடத்திய போட்டியில் பதினோராயிரத்துக்கு மேற்பட்ட படைப்புகளிலிருந்து தேர்வானது. கீத் பேக்கர் எழுதியது. 2004இல் வெளிவந்தபோது அதன் ஆண்டு 998. ஒரு நூற்றாண்டுப் போர் ஓய்ந்து இரண்டே ஆண்டுகள் ஆகியிருக்கின்றன. போரின் இறுதியில் சைர் என்ற நாடு ஒரே நாளில் அழிந்தது. ஏன் என்று யாருக்கும் தெரியாது. அதன்பின் விதிகள் இரண்டு முறை மாறியும் எபரானின் ஆண்டு 998ஐத் தாண்டவில்லை. சைர் ஏன் அழிந்தது என்பதற்கு அதிகாரப்பூர்வமான விடை இன்றுவரை தரப்படவில்லை; ஒவ்வொரு மேசையும் தனக்கான விடையைத் தானே வைத்துக்கொள்ளலாம். புதிய புத்தகம் வரும்போது அதே ஆண்டுக்குள் ஆழமாகத் தோண்டுகிறார்கள். இருபது ஆண்டுகளுக்கு முன் எபரானை விட்டுப் போனவர் இன்று திரும்பி வந்தாலும் அவர் வீடு அப்படியே இருக்கிறது.

டார்க் சன் உலகம் வேறு வழியில் போனது. 1991இல் வந்த அந்த வறண்ட பாலைவன உலகத்தில் மந்திரவாதி அரசர்கள் நகரத்துக்கு ஒருவராக ஆண்டார்கள். அவர்களை வீழ்த்துவதே விளையாடுபவர்களின் கனவு. ஆனால் உடன் வந்த நாவல்களில் நாயகர்களே அவர்களில் பலரைக் கொன்று முடித்துவிட்டார்கள். 1995இல் திருத்திய பெட்டி வந்தபோது, சாப்பிட்டு முடித்த இலையில் உட்கார்ந்தது போலத்தான் விளையாடுபவர்களுக்கு இருந்தது. 2010இல் மீண்டும் வெளியிட்டவர்கள் துணிந்து கடிகாரத்தைப் பின்னால் திருப்பினார்கள்: முதல் அரசன் காலக் மட்டும் இறந்து, டையர் நகரம் விடுதலை பெற்ற தருணத்தில் உலகத்தை நிறுத்தினார்கள். மற்ற அரசர்கள் உயிரோடு, கோபத்தோடு இருக்கிறார்கள். கைகாக்ஸின் கிரேஹாக் உலகத்துக்கும் இதே வழி கிடைத்தது. 1990களில் போரால் சிதைக்கப்பட்ட அது, 2024இல் டன்ஜன் மாஸ்டர்களுக்கான கையேட்டில் மாதிரி உலகமாக வந்தபோது, போருக்கு முந்தைய ஆண்டுக்கே திரும்பியிருந்தது.

கதையில் எந்த நிகழ்வும் இல்லாமல் சொல்லும் விதத்தை மட்டும் திருத்துவதும் புதுப்பித்தலே. ரேவன்லாஃப்ட் என்ற பேய்க்கதை உலகத்தில் விஸ்தானி என்ற நாடோடி மக்கள் உண்டு. ஐரோப்பாவின் ரோமா மக்களைப் பற்றிய இழிவான கற்பனைகளையே அவர்கள் மேல் போர்த்தியிருந்தார்கள்: குடி, திருட்டு, வஞ்சகம். 2020இல் நிறுவனம் இதைத் திருத்துவதாக அறிவித்து, பழைய சாகசப் புத்தகத்தின் மறுபதிப்பிலேயே வரிகளை மாற்றியது. அதில் வரும் எஸ்மெரெல்டா என்ற வீராங்கனை தன் செயற்கைக் காலை வெட்கத்தோடு மறைப்பவளாக இருந்தாள். அந்த வெட்கத்தை எடுத்துவிட்டார்கள். பழைய வரலாற்றைக் கெடுக்கிறார்கள் என்று குறைபட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் உடன்பாடில்லை. உண்மையில் வாழும் ஒரு மக்கள் கூட்டத்தை அவமதிக்கும் வரிகளைக் காப்பாற்றி எந்த உலகமும் செழிக்கப் போவதில்லை. அந்த வரிகள் போனதால் எவருடைய மேசையிலும் ஒரு சாகசம்கூடக் குறையவில்லை.

உங்கள் மேசையில்

நீங்களே பல ஆண்டுகளாக ஓர் உலகத்தை நடத்துகிறீர்கள், அது களைத்துப் போயிருக்கிறது, புதிதாக இரண்டு பேர் சேர்ந்திருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டுப் புத்தகத்தைத் திறக்கும் முன், பழைய ஆட்டக்காரர்களை உட்கார வைத்து நினைவில் இருப்பதைச் சொல்லச் சொல்லுங்கள். நீங்கள் பத்துப் பக்கம் எழுதிய அரச பரம்பரை அவர்கள் வாயில் வராது. பாலத்தடியில் சந்தித்த ஒரு கிழவி வருவாள். அவர்கள் தாமாகச் சொல்வதை எல்லாம் குறித்துக்கொண்டு, அதில் கை வைக்காதீர்கள். அவர்களுக்கே நினைவில்லாததை நீங்கள் தாராளமாக மாற்றலாம், நீக்கலாம்; ஒருவருக்கும் வலிக்காது.

காலத்தைத் தள்ள வேண்டுமென்றால் பத்து முதல் இருபது ஆண்டுகள் போதும். அன்று குழந்தையாக இருந்தவள் இன்று காவல் தலைவியாக இருப்பாள். பழைய வீரர்களை நேரில் பார்த்த சத்திரக்காரர் நரைத்த தலையோடு இருப்பார். அவர் சொல்லும் கதையில் பாதி மிகைப்படுத்தலாக இருக்கட்டும். பழைய ஆட்டக்காரர்கள் குறுக்கே புகுந்து திருத்துவார்கள், புதியவர்கள் அந்தச் சண்டையைக் கேட்டே வரலாற்றைக் கற்றுக்கொள்வார்கள். புதிய ஆபத்தைப் பழைய நூலின் அறுந்த முனையிலிருந்து எடுங்கள். யாரும் திறக்காமல் விட்ட கதவு, ஓடிப்போன சீடன், கொடுக்காமல் ஏமாற்றிய பங்கு, இப்படி ஏதாவது ஒன்று இல்லாத மேசையே கிடையாது.

பழைய பாத்திரங்களை உங்கள் விருப்பப்படி கொல்லவோ கெட்டவராக்கவோ செய்யாதீர்கள். உங்கள் வீரன் இந்த இருபது ஆண்டுகளில் என்ன ஆனான் என்று அதை ஆடியவரிடமே கேளுங்கள். கிடைக்கும் பதில் நீங்கள் யோசித்ததைவிட நன்றாகவே இருக்கும். அதைவிட முக்கியம், அந்த உலகத்தில் தன் பங்கு இன்னும் தன் கையில் இருக்கிறது என்று அவருக்குத் தெரியும்.

நடந்தவற்றைத் தெரிவிக்க, அவென்டுரியா என்ற உலகத்தை வைத்து ஆடும் ஜெர்மானியர்களிடம் ஒரு நல்ல வழக்கம் இருக்கிறது. 1984இல் தொடங்கிய அவர்களுடைய விளையாட்டுக்கு, அந்த உலகத்துக்குள்ளேயே அச்சிடப்படுவது போன்ற பாவனையில் ஒரு செய்தித்தாள் உண்டு. நீங்களும் ஒரே ஒரு பக்கம் எழுதுங்கள். கோட்டை விற்பனைக்கு, சுங்கம் இரட்டிப்பு, வடக்குச் சாலையில் மீண்டும் ஓநாய்கள், இளவரசியின் திருமணம் தள்ளிவைப்பு என்று ஏழெட்டுச் செய்திகள். பழையவருக்கு அதில் தெரிந்த பெயர்கள் இரண்டு இருக்கட்டும். புதியவருக்கு, உடனே கிளம்பிப் போய்ப் பார்க்கத் தோன்றும் இடங்கள் இரண்டு இருக்கட்டும். அந்தப் பக்கத்துக்கு மேல் எதையும் கட்டாயமாகப் படிக்கச் சொல்லாதீர்கள்.

ஃபேரூனிலேயே தொடங்க விரும்புகிறவர்கள் எந்த ஆண்டை எடுப்பது என்று கேட்பதுண்டு. வதந்திகளும் சிற்றூர்களும் நிறைந்த, இன்னும் யாரும் எதையும் முடித்துவிடாத உலகம் வேண்டுமென்றால் 1987இன் பெட்டி. நிறைய விவரம் வேண்டும், அதைத் தேடிப் படிப்பதே சுகம் என்றால் 2001இன் புத்தகம். இன்று கடையில் கிடைப்பதை வைத்து, பால்டர்ஸ் கேட் ஆடிவிட்டு வந்த நண்பர்களோடு ஆடப்போகிறீர்கள் என்றால் ஃபேரூன் 1490களுக்கு வந்துவிடுங்கள். மூன்றில் எதை எடுத்தாலும், முதல் ஆட்டத்தை நெவர்வின்டர், வாட்டர்டீப் போன்ற ஒரே ஒரு நகரத்திலும் அதைச் சுற்றி ஒரு நாள் நடையில் இருக்கும் நிலத்திலும் வைத்துக்கொள்ளுங்கள். கடவுள்களில் யார் இருக்கிறார், யார் இல்லை என்பது, யாராவது பூசாரிப் பாத்திரத்தைத் தேர்ந்தெடுத்தால்தான் கேள்வியாகும். அப்போது அந்த ஒரு கடவுளைப் பற்றி மட்டும் அவருக்குச் சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடங்குங்கள்.